எதை உடையார்?

பெர்ன்ஹில் என்ற பெயரில் ஆராய அதிகம் இல்லை. பெர்ன் என்றால் பெரணி, ஹில் என்றால் குன்று, அவ்வளவுதான். லவ்டேல், வெலிங்டன் என்று நீலகிரி முழுக்க வெள்ளைக்காரர்கள் தூவிவிட்டுப் போன பெயர்களில் அதுவும் ஒன்று. 1844-இல் கேப்டன் காட்டன் என்பவர் அங்கே ஒரு பங்களா கட்டினார். அது பல கை மாறி 1873-இல் மைசூர் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. 1908 செப்டம்பரில் குன்னூரைத் தாண்டி மேலே ஏறிய மலை ரயில் முதலில் பெர்ன்ஹில்லோடு நின்றுவிட்டு, மறுமாதம்தான் ஊட்டியைத் தொட்டது. வீட்டுப் பெயரின் கதை இத்துடன் முடிந்தது. வீட்டை வாங்கியவரின் பெயரில்தான் தோண்டத் தோண்ட வருகிறது.

வாங்கியவர் பத்தாம் சாமராஜேந்திர உடையார். அப்போது அவருக்கு வயது பத்து. பெயரில் உடையார் இருந்தாலும் உடைமையாக ஒரு ராஜ்யம் அன்று அவரிடம் இல்லை. 1831-இல் அவருடைய வளர்ப்புத் தந்தை மும்முடி கிருஷ்ணராஜரிடமிருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்ட ஆங்கிலேயர், கமிஷனர்களை வைத்து மைசூரை ஆண்டுகொண்டிருந்தார்கள். திருப்பிக் கொடுத்தது 1881-இல்தான். அந்த ஐம்பது வருட இடைவெளியில், உடையாரிடம் நாடு இல்லாத காலத்தில், வாங்கப்பட்டது பெர்ன்ஹில். அதனால்தான் அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது, யார் யார் தலையில் உட்கார்ந்து எழுந்தது என்று பார்க்கத் தோன்றுகிறது.

‘உடை’ என்பது வேர். செல்வம், கைவசம் இருப்பது என்று பொருள். அதிலிருந்து உடைமை, உடையவன், உடையார். நாம் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் ‘என்னுடைய’, ‘அவருடைய’ என்பதிலும் இதே சொல்தான் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலக்கணப் புத்தகம் இதை ஆறாம் வேற்றுமைச் சொல்லுருபு என்கிறது. ஒரு பேரரசின் பட்டமும், பொம்மைக்குச் சண்டை போடும் குழந்தையின் ‘என்னுடையது’ம் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

ஆறாம் வேற்றுமை என்றதும் நம் இலக்கணிகள் செய்த ஒரு பாகுபாடு நினைவுக்கு வருகிறது. உடைமையை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். சாத்தனது கை என்றால் அது தற்கிழமை: பிரிக்க முடியாதது. சாத்தனது பசு என்றால் பிறிதின்கிழமை: இன்று சாத்தனிடம் இருக்கும், நாளை சந்தைக்குப் போகும். அரசனது நாடு இந்த இரண்டில் எதில் சேரும்? அரசர்களைக் கேட்டால் முதலாவது என்பார்கள். மைசூர் வரலாற்றைப் படித்தால் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது.

சோழர் கல்வெட்டுகளில் ‘உடையார்’ ஆளும் மன்னரைக் குறிக்கும் மரியாதைச் சொல். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் ‘உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்’. அதே சுவரில், அவன் எழுப்பிய கற்றளியில் இருக்கும் இறைவனுக்குப் பெயர் ‘ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்’. கொடுத்தவரும் உடையார், வாங்கிக்கொண்டவரும் உடையார். பாலகுமாரன் ராஜராஜனைப் பற்றிய தம் பெரிய நாவலுக்கு வெறும் ‘உடையார்’ என்றே பெயர் வைத்ததில் இந்தக் கல்வெட்டு வழக்கின் வாசம் இருக்கிறது. வைணவத்தில் ராமாநுஜருக்கு ‘உடையவர்’ என்று பெயர். அந்த உடையவர் பல ஆண்டுகள் தங்கிய மேல்கோட்டை பின்னாளில் மைசூர் உடையார்களின் வழிபாட்டுத் தலமானதும், அங்குள்ள செலுவநாராயணருக்கு ராஜ உடையார் ‘ராஜமுடி’ என்ற கிரீடம் செலுத்தியதும் தற்செயல்தான். ஆனாலும் சொல்லாராய்ச்சிக்காரனுக்கு இப்படிப்பட்ட தற்செயல்கள் மேல் ஒரு சபலம் உண்டு.

கடவுளுக்கும் அரசனுக்கும் கீழே இன்னொரு அடுக்கு. சோழர் காலத்து நிலக்கிழார்கள் தங்கள் ஊரின் பெயரோடு ‘உடையான்’ என்றோ ‘கிழவன்’, ‘கிழான்’ என்றோ சேர்த்துக்கொண்டார்கள். கிழமை என்ற இலக்கணச் சொல்லும் கிழான் என்ற பட்டமும் ஒரே வேர். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் திரட்டிப் பட்டியலிட்ட பிறகு, இந்த ‘உடையான்’ வெறும் பெருமைச் சொல் அல்ல, தனியார் நிலவுடைமையின் தடயம் என்று கராஷிமா காட்டினார். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் தனிமனிதர் கையில் நிலம் குவிந்ததைப் பட்டங்களைக் கொண்டே அவர் படித்தார். ஒரு விகுதியை எண்ணிப் பார்த்துப் பொருளாதார வரலாறு எழுதலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

இனி ஒலி. தமிழில் ‘உடையார்’ ஆக இருப்பது கன்னடத்தில் ‘ஒடெயர்’. உ எப்படி ஒ ஆனது என்று யாரும் அகராதியைத் தேட வேண்டாம், தன் பேச்சைத் தானே கேட்டால் போதும். உடைத்தான் என்று எழுதிவிட்டு ஒடச்சான் என்கிறோம். உரல் ஒரல் ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது, இலை எல ஆகிறது, இடம் எடம் ஆகிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் நிற்கும் இகரமும் உகரமும் வாயைக் கொஞ்சம் திறந்துகொள்கின்றன. கன்னடக்காரர் எழுத்திலும் அதையே எழுதுகிறார்கள்: எலெ, ஒரளு, ஒடெ. மொழியியலாளர்கள் பரோவும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, கன்னட ‘ஒடெய’ தமிழிலிருந்து கடன் போனதும் இல்லை, தமிழ் அங்கிருந்து வாங்கியதும் இல்லை. ஒரே வீட்டுச் சொத்தில் இருவருக்கும் பங்கு.

விஜயநகரத்தின் முதல் மரபான சங்கமர்கள் இந்தப் பட்டத்தைத் தெற்கே மீண்டும் கொண்டுவந்தார்கள். மதுரை சுல்தான்களை முறியடித்த குமார கம்பணன் நம் கல்வெட்டுகளில் ‘கம்பண உடையார்’. தமிழ்க் கல்லில் செதுக்கும்போது ஒடெயர் தானாகவே உடையார் ஆகிவிடுகிறார். உளிக்காரருக்கு மொழிபெயர்ப்பு என்ற எண்ணமே வந்திருக்காது.

மைசூர்க் குடும்பத்துக்கு இந்தப் பட்டம் வந்த கதை வேறு. 1399-இல் யதுராயர், கிருஷ்ணராயர் என்ற சகோதரர்கள் துவாரகையிலிருந்து வந்து, ஆண் துணையின்றித் தவித்த மைசூர்த் தலைவரின் குடும்பத்தைக் காருகஹள்ளி மாரநாயகனிடமிருந்து காப்பாற்றினார்கள், அதற்கு ஒரு ஜங்கமர் உதவினார், அந்த நன்றிக்காகவே ஒடெயர் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்கள் என்பது அரண்மனை சொல்லிவந்த வரலாறு. துவாரகையை நான் நம்பவில்லை. தென்னாட்டில் தலையெடுத்த பல சிற்றரசர்களுக்கு யாதவ வம்சம் ஒரு தேவை. ஆனால் ஜங்கமர் கவனிக்க வேண்டியவர். ஜங்கமர் எனப்படும் வீரசைவ குருமார்களை ஒடெயர் என்று அழைப்பது கன்னட நாட்டில் பரவலான வழக்கு. ஆக அங்கும் தெய்வத்துக்குப் பக்கத்தில் நின்ற சொல்தான் அரசனிடம் வந்திருக்கிறது. மைசூரில் ரெசிடெண்டாக இருந்து அந்நாட்டின் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இதற்கு இன்னும் தரையோடு ஒட்டிய விளக்கம் தருகிறார்: சுமார் முப்பத்து மூன்று கிராமங்கள் கொண்ட ஒரு சிறு பகுதியை நிர்வகிப்பவர் ஒடெயர். முப்பத்து மூன்று ஊர்க்காரர் பட்டத்தை மாற்றிக்கொள்ளாமலே பெரிய நாடு ஒன்றின் ராஜாவானார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வளர்ந்த பிறகும் அந்தப் பழைய பெயரை அவர்கள் விடவில்லை.

நீலகிரிக்கு வருவோம். பெர்ன்ஹில்லுக்கு உடையார் வருமுன்பே இந்த மலையில் உடையார் இருந்தார். ஒருவரல்ல, இரண்டு வகை. வடக்கே மைசூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்பதால் படகர் என்று பெயர் பெற்ற மக்களுக்குள் ஒரு பிரிவினர் ஒடெயர், லிங்கம் அணிபவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் ஹருவர், அதிகாரி, கனகர், தொரெயர் ஆகியோருடன் இவர்களையும் பட்டியலிடுகிறார். யதுராயர் கதையில் வரும் அதே ஜங்கம வழியின் ஒடெயர், மைசூர் மன்னருக்கு நேர் சம்பந்தமில்லாமல் மலையேறி வந்து குடியமர்ந்த சொல். இரண்டாமவர் கோத்தகிரிக்குக் கிழக்கே தேனாட்டுப் பக்கம் மண்கோட்டை கட்டியிருந்த உடைய ராயர். உம்மத்தூர் ராஜாக்களுக்காக மலைமக்களிடம் வரி தண்டியவர். அந்த இடத்துக்கு உடைய ராய கோட்டை என்று பெயர். 1613-இல் ராஜ உடையார் உம்மத்தூரைப் பிடித்தபோது, அந்த வரியும் மைசூருக்கு மாறியது.

அதற்கும் முன்னே, ஹொய்சள விஷ்ணுவர்தனின் தளபதி புணிசன் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தோடர்களை அச்சுறுத்தி நீல மலையைப் பிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறான். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு நீலகிரி எப்போதும் யாரோ ஒருவருடையதாகவே இருந்திருக்கிறது. தோடரைக் கேட்டவர்கள் குறைவு.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூரோடு சேர்த்து மலையைக் கும்பினி எடுத்துக்கொண்டது. 1819-இல் ஜான் சல்லிவன் மேலே ஏறினார், ஊட்டி பிறந்தது. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு காலத்தில் தங்களுக்கு வரி கட்டிய மலையிலேயே உடையார்கள் ஒரு வீட்டைப் பணம் கொடுத்து வாங்கினார்கள்.

உடைமைச் சொல்லே அரசப் பட்டமாவது நம்மூர் விசேஷம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில், யோருபா மக்களின் ஓயோ ராஜ்யம் ஒரு காலத்தில் பெரும் குதிரைப்படையோடு அக்கம்பக்கத்தை அடக்கி வைத்திருந்தது. அதன் மன்னருக்குப் பட்டம் ‘அலாஃபின்’. யோருபாவில் ‘ஓனி’ என்றால் உடையவர், ‘ஆஃபின்’ என்றால் அரண்மனை; இரண்டும் சேரும்போது உயிர் மாறி, னகரம் லகரமாகி அலாஃபின்: அரண்மனை உடையார். எக்பா மக்களின் மன்னர் ‘அலாக்கே’, அதாவது ஆக்கே என்ற இடத்தை உடையார். கடவுள் ‘ஒலோருன்’, வானம் உடையார். தஞ்சைச் சுவரில் கண்டது போலவே அங்கும் இறைவனும் இறைவனின் கீழ் ஆள்பவரும் ஒரே முன்னொட்டில் நிற்கிறார்கள். சந்தையில் துணி விற்பவர் ‘அலாஷோ’, ரொட்டி விற்பவர் ‘ஓனிபுரெடி’. அவர்களுக்கும் அதே ஓனிதான். நம் ‘என்னுடைய’ மாதிரி மேலிருந்து கீழ்வரை புழங்கும் உருபு அது.

ஆனால் ஓயோவில் உடைமைக்கு ஓர் எல்லை எழுதாமலே இருந்தது. ஓயோ மேசி என்ற எழுவர் அவைக்குத் தலைவர் பசோருன். மன்னர் தவறிழைத்தார் என்று அவை முடிவு செய்தால் அவருக்கு வெறும் சுரைக்குடுக்கையோ கிளி முட்டையோ போய்ச் சேரும். பார்த்ததும் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும். 1754-இல் கஹா என்ற பசோருன் இந்த வழக்கத்தைத் தன் ஆயுதமாக்கி, ஒருவர் பின் ஒருவராக அலாஃபின்களை ஒழித்து, தானே நாட்டை நடத்தினார். 1774-இல் அபியோதுன் என்ற அலாஃபின் அவரை வீழ்த்தும்வரை இது நடந்தது. இந்தக் கதைகளை எல்லாம் ஓயோவில் பாதிரியாராக இருந்த சாமுவேல் ஜான்சன் எழுதி வைத்தார். அவருடைய கையெழுத்துப் பிரதி பதிப்பகத்தில் தொலைந்துபோக, அவர் இறந்த பிறகு தம்பி குறிப்புகளிலிருந்து மீட்டெழுதி 1921-இல்தான் புத்தகமாக வந்தது.

அதே ஆண்டுகளில் மைசூரில் நடந்ததைப் பாருங்கள். தளவாய்களான தேவராஜய்யா, நஞ்சராஜய்யா சகோதரர்கள் கையில் அதிகாரம், உடையார் பெயருக்கு. 1761-க்குப் பிறகு ஹைதர் அலி கையில் எல்லாம். தசரா அன்று மட்டும் உடையார் மக்களுக்குக் காட்சி தருவார். 1776-இல் அரியணைக்கு ஆள் வேண்டியபோது ஹைதர் அரச குடும்பத்துப் பிள்ளைகளை விளையாட்டுச் சாமான்கள் நடுவே விட்டு, கட்டாரியை எடுத்த பிள்ளையைத் தேர்ந்தார் என்று வில்க்ஸ் எழுதுகிறார். அந்தப் பிள்ளை 1796-இல் இறந்தபோது திப்பு வேறு ஒருவரை அமர்த்தவே இல்லை. ஓயோவில் மன்னரைக் கொன்று பதவியைக் காப்பாற்றினார்கள். இங்கே மன்னரை வைத்துக்கொண்டே பதவியைக் காலி செய்தார்கள். இரண்டு இடத்திலும் உடையார் என்ற சொல் மட்டும் சேதமில்லாமல் தப்பியது.

1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விஜயநகரப் பிரதிநிதி திருமலரிடமிருந்து ராஜ உடையார் பறித்தபோது, திருமலரின் மனைவி அலமேலம்மா காவிரியில் குதித்தாள், ‘தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்கு வாரிசு இல்லாமல் போகட்டும்’ என்று சபித்தாள் என்பது மைசூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. சாபத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுவீகாரம் அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பெர்ன்ஹில்லை வாங்கிய சாமராஜேந்திரரே 1865-இல் சுவீகாரம் போனவர். ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் 2013-இல் காலமான பின், 2015-இல் யதுவீரர் தத்தெடுக்கப்பட்டார். ரத்தம் மாறும்போதெல்லாம் பட்டம் கைமாறுகிறது. பட்டம்தான் குடும்பம் என்று சொல்லிவிடலாம் போல.

பெர்ன்ஹில்லின் செழிப்பான காலம் நால்வடி கிருஷ்ணராஜருடையதும் ஜெயசாமராஜருடையதும். மரவேலைப்பாடு மிகுந்த அந்த மாளிகையில் ஊட்டி வேட்டைக் குழுவின் வருடாந்தர நடன விருந்து நடக்கும். ஜோத்பூர் மகாராஜாவின் ஆரன்மோர் மாளிகை, இன்றைய தமிழகம் விருந்தினர் இல்லம், இன்னொரு பக்கம். இந்திய சமஸ்தானாதிபதிகள் கோடையில் தங்கள் நாட்டை விட்டுவிட்டு இங்கே கூடினார்கள். ‘உடையவன் பாராப் பயிர் உருப்படுமா’ என்று சொல்லும் நம் கிராமத்தார் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ. ஆனால் நால்வடியாரை அந்தக் குறையில் சேர்க்க முடியாது. கண்ணம்பாடி அணையும் மைசூர்ப் பல்கலைக்கழகமும் அவர் காலத்தவை.

ஜெயசாமராஜர் 1947-இல் இந்தியாவோடு இணைந்தார், பிறகு ராஜப்பிரமுகர், 1956-இல் மைசூர் ஆளுநர், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநர். ஊட்டியில் ஆளுநருக்கென்று ராஜ்பவன் இருந்தது, இவருக்கோ சொந்தத்தில் பெர்ன்ஹில்லும் இருந்தது. ஒரு காலத்தில் மூதாதையர் வரி வாங்கிய மலைக்கு அவர் அரசியல் சட்டத்தின் கீழ் ஆளுநராகச் சென்றார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட கிருதிகளை இயற்றிய அவர் முத்திரையாக வைத்துக்கொண்டது ‘ஸ்ரீவித்யா’. உடையார் என்ற குடும்பப் பெயரைப் பாட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஆண்டுக்கு 26 லட்ச ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட மைசூரின் மன்னர் மானியமும், மற்ற எல்லாச் சமஸ்தானங்களின் மானியமும், 1971-இல் இருபத்தாறாம் திருத்தத்தோடு போயின. பட்டங்களுக்கு அரசு தந்த அங்கீகாரமும் போனது. பெர்ன்ஹில் பின்னால் ஓட்டலானது.

சொல்லின் இறங்குமுகத்தைப் பார்க்க வேண்டுமானால் இலங்கைக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் மணியகாரருக்குக் கீழே, விதானையாருக்கு மேலே, உடையார் என்பது ஆங்கிலேயர் கால வருவாய் நிர்வாகத்தில் ஒரு உத்தியோகம். தலைமைக்காரர் முறை போய் 1963-இல் கிராம சேவகர்கள் வந்ததும் அந்த வேலையும் தீர்ந்தது. ராஜராஜனின் அடைமொழி ஊர்த்தலைவரின் பதவிப்பெயராகி, கடைசியில் சேவகரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் அது சில சமூகங்களின் பட்டமாகவும், உடையார்பாளையம், உடையார்குடி என்று ஊர்ப்பெயர்களிலும் தங்கியிருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பற்றிய கல்வெட்டு கிடைத்த இடம் என்பதால் உடையார்குடியைப் பலரும் அறிவார்கள்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்து ஒகரத்துக்கு முன்னால் நாக்கு லேசாக ஒரு வகரத்தைச் சேர்க்கும். ஆங்கிலேயர் அந்த வகரத்தை எழுத்தில் பிடித்து ‘வொடெயார்’ என்றார்கள். குடும்பத்தார் இப்போது ‘வாடியார்’ என்று வரும்படி ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். 2024-இல் யதுவீரர் மைசூர்த் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினராக வென்றபோது தமிழ்ப் பத்திரிகைகள் சில அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘வாடியார்’ என்றே அச்சிட்டன. தமிழ்ச் சொல்லும் கன்னடச் சொல்லும் ஒரே பொருளில், ஒரே மரியாதையில் நம் பேச்சிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்க, லண்டன் வழியாகச் சுற்றி வந்த வடிவத்தை எழுத வேண்டிய அவசியம் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கன்னடத்தை மதித்து ஒடெயர் என்று எழுதலாம், கம்பணன் கல்வெட்டை மதித்து உடையார் என்றும் எழுதலாம். வாடியார் என்று எழுதினால் படிப்பவர் பாதிப் பேர் வாத்தியார் என்று வாசித்துவிட்டு, எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்பார்கள்.